மஞ்சள் பூசிய சலவை மெஷின்

வெள்ளையாக உள்ளே போன விரிப்பு ரத்தச் சிவப்பாக வெளியே வந்தது.

விஜயதசமி காலை. எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட துணிக் கொட்டகை. சலவை மெஷினின் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அந்த விரிப்பு வந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்து இழுக்க வேண்டிய சலவைக்காரி மாதம்மா கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். சுவிட்சை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் என் கணவர் தேவசகாயம் நின்றார். சிவப்புத் தண்ணீர் தொட்டிக்குள் சொட்டியது.

"ரெஜினா, இது யாரோட ரத்தம்?" என்றார்.

நர்ஸாக இருந்த நாட்களைத்தான் இந்தப் பக்கங்களில் வாராவாரம் எழுதி வருகிறேன். ரத்தத்தைப் பார்த்து நான் பயந்ததாக எங்கும் எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்குப் பயந்தேன். அந்த விரிப்பு வெள்ளையாக வருவதை நம்பித்தான் மாதம்மாவின் பிழைப்பும், அவள் தலைசாய்க்கிற அறையும் இருந்தன.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கரும்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கரும்பு பிழிந்த உருளை

சுதந்திரம் வந்த புதிது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். மைசூரில் எந்தப் பங்களா வாசலைப் பார்த்தாலும் ஏலம். பியானோ, பன்றித்தோல் பெட்டி, பல் போன மான்தலை என்று எல்லாம் தெருவுக்கு வந்தன. எதற்கென்றே தெரியாமல் வாங்கிப்போனவர்கள் நிறைய.

என் கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மற்ற ஆண்கள் கறிக்கடைக்குப் போவார்கள். இவர் ஏலத்துக்குப் போவார். அங்கே பியானோவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஓடாத மெஷின் எது என்று தேடுவார். ஓடுகிற மெஷினில் இவருக்கு என்ன வேலை?

முதல் சலவை மெஷின் ஏலத்தில் கிடைக்கவில்லை. தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஜூஸ் கடையில் கிடைத்தது. வட்டத் தொட்டி. அதன் மேல் இரண்டு உருளை. பக்கத்தில் ஒரு கைப்பிடி. கரும்பு பிழிவதற்கென்றே சீமையில் செய்தது என்று கடைக்காரர் முடிவு கட்டியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உருளைக்கு நடுவே விட்டால் பிழிகிறது, பிழிந்தது தொட்டியில் விழுகிறது. நானாக இருந்தாலும் கரும்பைத்தான் விட்டிருப்பேன்.

ஆனால் கரும்பின் கணுக்கள் ரப்பரைக் கடித்துக் குதறியிருந்தன. சாற்றில் ரப்பர் வாடை. வாங்கிக் குடித்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

"இது துணி துவைக்கிற மெஷின், அண்ணா" என்றார் இவர்.

கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துணி தொவைக்க யாருக்காவது மெஷின் பேக்கா சார், வேணுமா? வீட்ல பொம்பளைங்க இல்லியா?"

நானும் பக்கத்தில்தான் நின்றேன். பதில் சொல்ல நாக்கு துடித்தது. இவர் அதற்குள் மெஷினைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்.

அடுத்தது ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தது. அதில் கொள்ளு கொட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது காப்பித் தோட்டத்துப் பங்களா ஒன்றிலிருந்து வந்தது. அதன் தொட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் எடுத்து வந்தார். ஆக எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மூன்று சலவை மெஷின் நின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே கல்லைப் போட்டு நான் துணியை அடித்துக்கொண்டிருந்தேன்.

கேலி செய்யாத நாளில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அந்தக் கேலி நின்றுபோனது.

லாயத்து மெஷினின் அடிப்பெட்டியை அவர் அன்று திறந்திருந்தார். உள்ளே கருத்த கிரீஸ். அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்கப் பல்சக்கரங்கள் பொன்னாக மின்னிக்கொண்டு வெளியே வந்தன. தொட்டிக்குள் நடுவில் இறக்கை வைத்த தூண் ஒன்று நிற்கும். மோட்டார் என்னவோ ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. தூண் மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பி அசைய வேண்டும். அந்த மாயத்தைச் செய்வது இந்தச் சக்கரங்கள்தான்.

அவர் கையால் சக்கரத்தைச் சுற்றினார். தூண் அசைந்தது. வாளிக்குள் சேலையை அலசும்போது நம் மணிக்கட்டு எப்படித் திரும்புமோ அப்படியே திரும்பியது.

"எவனோ ஒருத்தன் அவன் அம்மா துணி அலசுறத ரொம்ப நாள் உக்காந்து பாத்திருக்கான், ரெஜினா" என்றார். "பாக்காம இத செய்ய முடியாது."

பார்த்தது யார், எந்த ஊர், அந்த அம்மா யார், ஒன்றும் தெரியாது. அவள் கை மட்டும் கடல் தாண்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து அசைந்தது.

சளக், சளக்

இனி மாதம்மா. ஹனூர் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி காம்பவுண்டிலேயே ஒற்றை அறை. வார்டுத் துணி முழுக்க அவள் பொறுப்பு. வார்டும் அதன் துணியும் என் பொறுப்பு.

அவள் வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடுவோம். ஈரச் சேலை கணுக்காலில் அடிக்கும். சளக், சளக். அவளிடம் இருந்தது இரண்டே சேலை. ஒன்றைத் துவைத்துப் போட்டால் அது காய்வதற்குள் மற்றது நனைந்துவிடும். மழைக்காலம் முழுக்க ஈரத்திலேயே திரிவாள்.

"சேலையக் கொஞ்சம் பிழிஞ்சு கட்டக் கூடாதா மாதம்மா? சளி பிடிச்சுக்கப் போவுது."

"ஆஸ்பத்திரித் துணியெல்லாம் பிழிஞ்சு முடிச்சா, எஞ்சேலைக்குக் கையில பலம் ஏதுங்க சிஸ்டரு?" என்பாள்.

அதைச் சிரித்துக்கொண்டே சொன்ன காலமும் போயிற்று. வருஷக்கணக்கில் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறிய கை. வலது கையில் நகச்சுற்று வந்து, சீழ் வைத்து, நான்தான் கட்டுப் போட்டேன். புண் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. அடிக்க முடிந்தது, அலச முடிந்தது. பிழிய மட்டும் முடியவில்லை. கனத்த விரிப்பைப் பிழிய இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவள் பிடி நழுவி நழுவிப் போனது.

பிழியாத விரிப்பு மழைக்காலத்தில் காயுமா? நாள் கணக்கில் கொடியில் கிடந்து வாடை அடித்தது. ஒரு நாள் டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்தபோது, பிள்ளை பெற்ற ஒருத்தி ஈர விரிப்பில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா மேலுக்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். பொல்லாதவர் இல்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் யாருக்கும் இளகமாட்டார்.

"என்னால இதப் பொறுத்துக்க முடியாது ரெஜினா. தசரா கழிச்சு சலவைக்கு ஒரு கான்ட்ராக்ட்காரன வரச் சொல்லியிருக்கேன். அவன் ஆளுக்கு அந்த ரூம் வேணுமாம்."

எதிர்த்துச் சொல்ல என்னிடம் நியாயம் இல்லை. மாதம்மாவிடம் சொல்ல வாயும் வரவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து விரிப்பைக் கொட்டகைத் தூணில் சுற்றிப் பல்லால் கடித்து இழுத்துப் பிழிய ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று சேர்ந்து ஒன்று

வீட்டில் சொல்லி அழுதேன். இவர் சாப்பிட்ட தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அடிக்க வருது, அலச வருது. பிழியிறது மட்டும்தானே வரல?"

"ஆமாங்க."

"அப்ப உருளை இருந்தாப் போதும்."

மறுநாளிலிருந்து அவரை வீட்டு மனுஷனாக எண்ண முடியவில்லை. லாயத்து மெஷினின் சக்கரங்கள், காப்பித் தோட்டத்து மெஷினின் மோட்டார், ஜூஸ் கடை மெஷினின் தொட்டி, உருளை எல்லாம் சேர்த்து ஒன்றாக்கி, உருளையையும் மோட்டாரே சுற்றும்படி செய்தார். கரும்பு கடித்த உருளைதான் பெரிய தலைவலி. டயர் ஒட்டுப்போடுகிற கடையில் கெஞ்சி, பழைய லாரி ட்யூபைப் பட்டை பட்டையாகச் சுற்றி வேகவைத்து வாங்கி வந்தார். பிறகு உப்புத்தாளைக் கையில் எடுத்தவர் எடுத்தவர்தான். தேய்ப்பார், உருளையைக் கன்னத்தில் உருட்டிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் பார்ப்பது போலத்தான் இருக்கும். தொட்டியின் அடியில் துரு தின்ற இடத்தைத் தகடு வைத்து அடைத்து, ரயில் பெட்டிக்கு அடிக்கிற சிவப்பு பெயிண்டைப் பூசினார்.

இந்தப் பெயிண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பில்தான் முதல் சோதனை. மோட்டார் முனகியது. தண்ணீர் தானாக அலைந்தது. விரிப்பு ஒரு பக்கம் முங்கி மறுபக்கம் எழுந்து புரண்டது. யார் கையும் உள்ளே இல்லை! நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது, நகர மனசில்லை. கடைசியில் உருளை வழியாக விரிப்பு அட்டை மாதிரித் தட்டையாக வந்தது. தொட்டால் ஈரம் லேசாகத்தான் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் இவரே போய்ப் பேசினார். "தசரா முடியறதுக்குள்ள வெள்ளையாத் தோச்சு, காய வச்சுக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டார்.

பூஜை மாடாம தொடலாமா?

மாட்டு வண்டியில் மெஷின் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம். மாதம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மடங்காத விரலால் உருளையைத் தொட்டாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"ஓட்டிப் பாரு மாதம்மா" என்றார் இவர்.

"விடிஞ்சா ஆயுத பூஜைங்க சார். புதுசா வந்தத பூஜை மாடாம தொடலாமுங்களா? நம்மளக் காப்பாத்த வந்துருக்குதுங்க அது."

பூஜை செய்யாமல் தொடக் கூடாது என்றால், எங்களுக்கு அதில் தடை இல்லை. இவருடைய ஒர்க்‌ஷாப்பிலேயே அன்றைக்கு ஒவ்வொரு லேத்துக்கும் பொட்டு வைப்பார்கள். இவரும் நின்று பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வருவார்.

மாதம்மா குறை வைக்கவில்லை. மஞ்சளை அரைத்து, தொட்டிக்கு உள்ளும் வெளியும் சுவர் மெழுகுவது போல மெழுகினாள். உருளை நெடுகக் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. மெஷினை உருட்டுகிற கால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டிவிட்டு வெகுநேரம் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆயுத பூஜையன்று எந்தச் சாமானையும் வேலைக்குத் தொடக் கூடாது. அதனால் வார்டுத் துணி மலையாகச் சேர்ந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் மாதம்மா வெந்நீரை ஊற்றி, சோடாவைக் கொட்டி, விரிப்புகளைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள்.

அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன சிவப்பு.

எலுமிச்சம்பழம்

"பெயிண்டு" என்றார் இவர். "அடியில பூசினேனே, அந்தப் பெயிண்டு. வீட்டுல பச்சத் தண்ணி, இங்க வெந்நீரு, கரைஞ்சிருச்சு. இனி எது போட்டாலும் போகாது ரெஜினா. நானே கெடுத்துட்டேன்." துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாதம்மா திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தாள்.

என் மூக்குதான் முதலில் சுதாரித்தது. பெயிண்ட் வாடையே இல்லை. குளித்துவிட்டு வருகிற பெண்கள் மேல் அடிக்குமே, அந்த மஞ்சள் வாசனை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நேற்று மெழுகிய மஞ்சள் எங்கே?

"மாதம்மா, உள்ள எவ்வளவு மஞ்சள் பூசின?"

"பூஜைக்கு அளவு பாப்பாங்களா சிஸ்டரு?" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. மஞ்சள் பட்ட துணியில் சோப்பு போட்டால் சிவக்கும். சமையல் செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். பதற்றத்தில் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமே. பெயிண்டாக இருந்தால் தொலைந்தோம். சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, கடித்துத் திறந்து, விரிப்பின் முனையில் பிழிந்தேன்.

சாறு பட்ட இடத்தில் சிவப்பு ஓடி ஒளிந்தது. பளிச்சென்று மஞ்சள்.

"ஏசுவே!" என்று எழுந்தார் இவர். மாதம்மா அவள் சாமியைக் கூப்பிட்டாள்.

பெயிண்ட் இல்லை, மஞ்சள்தான். ஆனால் மஞ்சளும் வெள்ளை இல்லையே?

"இத வெள்ளையாக்குறது நம்ம வேலையில்லீங்க சிஸ்டரு. பிசிலோட வேலை" என்று மாதம்மா வானத்தைப் பார்த்தாள். வெயிலை எங்கள் ஊரில் பிசிலு என்போம். அன்று வானத்தில் அது எங்கும் காணோம். மேகம் மூடியிருந்தது.

தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். விரிப்புகளை நல்ல தண்ணீரில் அலசினோம். இவர் உருளையில் விட்டுப் பிழிந்து தர, மாதம்மா புல்தரையில் விரித்துக்கொண்டே போனாள். புல் தெரியாமல் மஞ்சள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். உள்ளே ஒருத்திக்கு வலி கண்டிருந்தது.

இன்னும் அலசாத சிவப்புக் குவியல் ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதைத்தான் அவர் முதலில் பார்த்தார். "ஐயோ, யாருக்கு இவ்வளவு ரத்தம் போயிருக்கு?"

சொன்னேன். கேட்டார். சிரிப்பாரா திட்டுவாரா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை. "நான் பிரசவம் பாத்துட்டு வெளியில வரச்சே, கொழந்தையச் சுத்த ஒரு வெள்ளைத் துணி வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இலையின் நிழல்

நானும் உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாக அவ்வப்போது வானத்தைத்தான் பார்த்தேன். ஒரு நேரம் தரையில் ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்தது. வலியில் கத்திக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்தபடி மனசுக்குள் நன்றி சொன்னேன்.

வெளியே ஓடி வந்தபோது நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! மஞ்சள் போய்க்கொண்டிருந்தது. யாரும் தேய்க்கவில்லை, யாரும் தொடவில்லை. புல்மேல் கிடந்த விரிப்புகள் தாமாக வெளுத்துக்கொண்டிருந்தன. என் கணவர் முட்டி போட்டு ஒரு விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினின் வயிற்றைத் திறந்து பார்க்கிற அதே கண்கள். வேப்பமரத்திலிருந்து உதிர்ந்த ஓர் இலை அதன் மேல் கிடந்தது. மெதுவாக எடுத்தார். அடியில் அந்த இலை அப்படியே மஞ்சளாக இருந்தது. ஓரத்துப் பல் கூடத் தப்பவில்லை. சுற்றிலும் பால் வெள்ளை.

"பிசிலுக்கு எந்த மோட்டாரு ரெஜினா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

உச்சி திரும்பிய பிறகு பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா கைகழுவிக்கொண்டு நேரே புல்தரைக்கு வந்தார். ஒரு விரிப்பை எடுத்து உதறினார். முகத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரலால் மடிப்பைக் கசக்கிப் பார்த்தார்.

"காலம்பரதானே தோச்சது? இதுக்குள்ள எப்படிக் காஞ்சது?"

"பிழிஞ்சது மெஷினுங்க" என்றாள் மாதம்மா. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அந்த இலைத் தடத்தைக் கட்டை விரலால் தடவினார். "எங்காத்துலயும் மஞ்சள் கறைன்னா வெயில்லதான் போடுவோம். இத்தன வருஷத்துல நின்னு பாத்ததில்ல." பிறகு என்னிடம் திரும்பினார். "கான்ட்ராக்ட்காரன வர வேண்டாம்னு சொல்லிடு, ரெஜினா. ரூம் மாதம்மாதுதான்."

அரண்மனைப் பக்கம் பீரங்கி வெடித்தது. யானை ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. ஊரே அங்கே நின்றது. நாங்கள் மூன்று பேரும் துணியை மடித்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் நான் ஊர்வலம் பார்க்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

மீதி விரிப்பையும் பிழிந்து முடித்து, சுவிட்சை அணைக்கப் போன இவரை மாதம்மா தடுத்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. என் துணி ஒண்ணு போட்டுக்கட்டுங்களா?"

அறைக்குப் போய்த் தன் இன்னொரு சேலையை எடுத்து வந்தாள். நனைந்து கனத்துக் கிடந்த சேலை. அவளே நுனியைப் பிடித்து உருளைக்குள் கொடுத்தாள். தண்ணீர் கொட்டியது. மறுபக்கம் தட்டையாக வந்த சேலையை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினாள். கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம்.

மறுநாள் காலை வார்டில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினேன். கை நிறைய மடித்த விரிப்புகளோடு, காய்ந்த சேலையில் மாதம்மா.

அவள் வந்த சத்தமே கேட்கவில்லை.